இரண்டரை நாள் சிம்னி வேலையும் ஒரு ரகசியச் சொல்லும்

ஜார்ஜ் பேட்டன் என்ற கொத்தனார் செய்த தப்பு இவ்வளவுதான். ஒரு புகைபோக்கியின் உச்சியைக் கட்டுவதற்குத் தங்கள் கூட்டத்தில் சேராத ஆள் ஒருவனை இரண்டரை நாள் வேலைக்கு வைத்துவிட்டார். ஊர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ. கொத்தனார்கள் கூடி விசாரித்து எழுதிவைத்த தேதி 31 ஜூலை 1599. பேட்டன் கைகட்டி நின்று, என்ன அபராதம் போட்டாலும் கட்டிவிடுகிறேன் என்றார். அவருடைய பணிவைப் பார்த்து இந்த ஒருமுறை விட்டுவிட்டார்கள். இனி எவனாவது இப்படிச் செய்தால் மன்னிப்பு கிடையாது என்றும் சேர்த்தே எழுதினார்கள்.

ஃப்ரீமேசன் (மேசன் என்றால் கொத்தனார்) என்ற ரகசியச் சங்கத்தின் பெயரைக் கேட்டதும் உலகத்தைத் திரைமறைவில் ஆட்டிவைக்கும் கூட்டம், டாலர் நோட்டில் இருக்கும் ஒற்றைக்கண் என்று யூடியூபில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அந்த அமைப்பின் மிகப் பழைய கிளைகளில் ஒன்றான எடின்பரோ லாட்ஜ், எண் 1, இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் குறிப்பேட்டின் முதல் பதிவே இந்தச் சிம்னி வழக்குதான்.

இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். திருமங்கலம் பக்கம் நாற்பது வருஷம் கொத்தனாராக இருந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்தச் சிம்னி நின்னுச்சா?" என்றார்.

"அது எழுதலப்பா."

"அதத்தானப்பா மொதல்ல எழுதியிருக்கணும்."

வேலை நிமித்தமாக எடின்பரோவில் நான் நான்கு வருஷம் இருந்தேன். கட்டுமான நிறுவனத்தில் வேலை. கொத்தனார் மகன் பொறியாளர் ஆனால் அப்பாவின் வேலையைக் கணினியில் வரைவான், அவ்வளவுதான் வித்தியாசம். ஹில் தெரு வழியாகப் போகும்போது ஒரு வாசலில் மூலைமட்டமும் கவராயமும் கல்லில் செதுக்கியிருந்ததைப் பார்த்தேன். உள்ளே யார் என்று விசாரித்தபோது அலுவலக நண்பர் ஒருவர் "லாட்ஜ்" என்றார். எனக்கு மாட்டுத்தாவணிப் பக்கம் நாள் வாடகைக்கு அறை விடும் கட்டடங்கள்தான் கண்ணுக்கு வந்தன.

சொல்லப்போனால் அந்தச் சொல்லின் முதல் பொருள் அதைவிட எளிமையானது. கோயிலோ கோட்டையோ கட்டுகிற இடத்தில், சுவரை ஒட்டி ஒரு கொட்டகை போடுவார்கள். கல் செதுக்குவது, மழைக்கு ஒதுங்குவது, சாப்பிடுவது, கருவிகளைப் பூட்டிவைப்பது எல்லாம் அதற்குள்தான். அந்தக் கொட்டகைக்குப் பெயர் லாட்ஜ். நம் சைட்டில் சிமென்ட் மூட்டை அடுக்குகிற தகரக் கொட்டகை இருக்கிறதே, அதேதான். பிறகு கொட்டகையில் கூடுகிற ஆட்களையும் அதே பெயரால் சொல்லத் தொடங்கினார்கள்.

கொட்டகை வேறு, நகரத்துத் தொழிற்சங்கம் வேறு. ஸ்காட்லாந்து நகரங்களில் ஒவ்வொரு தொழிலுக்கும் நகரசபையின் முத்திரை பெற்ற ஒரு சங்கம் இருந்தது. எடின்பரோவில் கொத்தனார்களும் தச்சர்களும் சேர்ந்து 1475-இல் அந்த முத்திரையை வாங்கினார்கள். புனித ஜைல்ஸ் பேராலயத்துக்குள் ஒரு பக்க மண்டபத்தையும் நகரசபை அவர்களுக்கு ஒதுக்கியது. பிற்பாடு அவர்கள் கூடிய இடம் மேரி சேப்பல் என்ற சின்ன ஆலயம். யார் நகரத்தில் தொழில் செய்யலாம், வேலை சரியாக இருக்கிறதா, செத்துப்போனவன் பெண்டாட்டி பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதெல்லாம் சங்கத்தின் பாடு. லாட்ஜில் நடப்பது கொத்தனார்களுக்குள் மட்டும் நடக்கும் காரியம். தச்சருக்குக்கூட அங்கே இடமில்லை.

இந்தக் கொட்டகைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே சட்டம் எழுதியவர் வில்லியம் ஷா. ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் கட்டடங்களுக்கெல்லாம் தலைமைப் பொறுப்பாளர். 1583-இல் அந்தப் பதவிக்கு வந்தார். ராஜா டென்மார்க் போய்ப் பெண் கட்டிக்கொண்டு வந்தபோது கூடப் போனவர். 28 டிசம்பர் 1598 அன்று எடின்பரோவில் மேஸ்திரிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு அவர் வெளியிட்ட விதிகளை ஃப்ரீமேசன் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் பெரும்பாலும் "எல்லா லாட்ஜும் குறிப்பேடு வைக்க ஏற்பாடு செய்தார்" என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விதிகளைப் படிக்கையில் அப்பா சைட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருந்தது.

தொழில் பழக வருகிறவனை ஏழு வருஷத்துக்குக் குறைந்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஏழு முடிந்ததும் உடனே கொத்தனார் ஆகிவிட முடியாது, இன்னொரு ஏழு வருஷம் போக வேண்டும். (நம்மூரில் ரெண்டு வருஷம் கலவை சுமந்தவன் மூன்றாவது வருஷம் கொல்லுறு பிடித்துவிடுகிறான் என்பது அப்பாவின் நிரந்தரப் புலம்பல்.) ஒரு மேஸ்திரி ஆயுசுக்கும் மூன்று சீடர்களுக்கு மேல் எடுக்கக் கூடாது; எடுப்பதானால் மற்றவர்கள் சம்மதிக்க வேண்டும். ஒருவன் வீட்டுக்காரரிடம் பேசி முடித்த வேலையை, எழுத்தில் இருந்தாலும் வாய்வார்த்தையாக இருந்தாலும், இன்னொருவன் உள்ளே புகுந்து பிடுங்கினால் 40 பவுண்டு அபராதம். வெளியாளோடு சேர்ந்து வேலை செய்தால் 20 பவுண்டு. அன்றைய ஸ்காட்லாந்து பவுண்டுக்கு மதிப்புக் குறைவு. ஐந்தே வருஷம் கழித்து அதே மன்னர் இங்கிலாந்துக்கும் ராஜா ஆனபோது ஒரு இங்கிலாந்துப் பவுண்டுக்குப் பன்னிரண்டு ஸ்காட்லாந்துப் பவுண்டு என்று வைத்தார்கள். அப்படியிருந்தும் கூலி வாங்குகிற ஆளுக்கு அது சின்னத் தொகை இல்லை.

அந்த வெளியாளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கோவன். கேட்டால் நம்மூர்ப் பெயர் மாதிரி இருக்கிறது. காரை போடாமல் வெறும் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்புகிறவன் என்று பொருள். முறையாகப் பழகாதவன், 'சொல்' தெரியாதவன். பேட்டன் சிம்னிக்கு வைத்தது அப்படி ஒரு கோவனைத்தான்.

விதிகளில் இன்னொன்று இருக்கிறது. அதைப் படித்த அன்று மேலே படிக்காமல் மூடி வைத்துவிட்டேன். வேலையை ஏற்று நடத்தும் மேஸ்திரிகள், சாரமும் ஆள் நடக்கும் பலகைகளும் உறுதியாகப் போட்டிருக்கிறதா என்று கவனமாகப் பார்க்க வேண்டும். அவர்களுடைய அசட்டையாலோ சோம்பலாலோ வேலையாட்களில் யாருக்காவது காயமோ கேடோ வந்தால், அதன்பிறகு அவர்கள் பொறுப்பெடுத்து மேஸ்திரியாக வேலை செய்யக் கூடாது. மிச்ச ஆயுளெல்லாம் இன்னொரு மேஸ்திரிக்குக் கீழே வேலை செய்துதான் பிழைக்க வேண்டும்.

என் பெரியப்பாவும் கொத்தனார். 1993-இல் ஒரு கல்யாண மண்டபத்தின் இரண்டாவது மாடிக்கு வெளிப்பூச்சு பூசிக்கொண்டிருந்தார். சவுக்குக் கம்புச் சாரம். முந்தின வாரம் முழுக்க மழை. கயிறு நனைந்து காய்ந்து தளர்ந்திருந்தது. மாற்றிக் கட்டச் சொல்லி இவர் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். "பூச்சு முடிஞ்சா பிரிக்கப் போற சாரம்தான" என்று பதில் வந்திருக்கிறது. இடுப்பில் அடி. மூன்று மாதம் படுக்கை. அப்புறம் அரிசி ஆலையில் ராத்திரிக் காவல். ஒப்பந்தக்காரர் ஒருதடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார், ஒரு தொகை கொடுத்தார். அடுத்த மாதமே பக்கத்துத் தெருவில் அவருக்கு வேறு கட்டடம் எழும்பியது. அப்பா அதில் வேலைக்குப் போனார், வேறு வழியில்லை. அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் அப்பா எங்களிடம் பேசியதே இல்லை.

மறு வருஷம் அதே டிசம்பர் 28-இல் ஷா இரண்டாவது தொகுதி விதிகளை வெளியிட்டார். முதல் தொகுதியில் தங்கள் பழம்பெருமைக்கு மரியாதை இல்லை என்று கில்வின்னிங் என்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டதை இவர் சமாளித்த கதை அதில் தெரிகிறது. எடின்பரோ முதலாவது, கில்வின்னிங் இரண்டாவது, ஸ்டிர்லிங் மூன்றாவது என்று வரிசை போட்டார். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டைதான். இன்றைக்குக் கில்வின்னிங் லாட்ஜின் எண் பூஜ்யம்! ஒன்றுக்கு முன்னால் நிற்க வேறு வழி?

அதே விதிகளில் புதிதாகக் கொத்தனார் ஆகிறவன் 10 பவுண்டும், பத்து ஷில்லிங் பெறுமான கையுறைகளும் தர வேண்டும் என்று இருக்கிறது. சுண்ணாம்பு அரித்த கை அறியும் கையுறையின் அருமை. 'நினைவுக் கலை'யில் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். கொத்தனாருக்கு எதற்கு நினைவுக் கலை? அங்கேதான் ரகசியம் வருகிறது.

அதை 'மேசன் சொல்' என்றார்கள். ஊர் ஊராகப் போய்க் கல் வேலை செய்கிறவனிடம் காகிதம் கிடையாது, இருந்தாலும் படிக்கத் தெரியாது. புது ஊரில் ஒரு கொட்டகை வாசலில் நின்று "நான் பதினாலு வருஷம் பழகினவன்" என்றால் எவன் நம்புவான்? அதற்குத்தான் கேள்வி பதில்களும் ஒரு கைப்பிடியும் ஒரு சொல்லும். எல்லாம் மனப்பாடம். தெரிந்தவன் கொத்தனார், தெரியாதவன் கோவன். இன்றைய கணக்கில் பார்த்தால் அடையாள அட்டையும் அனுபவச் சான்றிதழும் ஒன்றாகச் சேர்ந்தது.

அந்தக் கேள்வி பதிலை யாரோ ஒருவர் காகிதத்தில் இறக்கிவைத்தார். 1696 என்று ஆண்டு குறித்த அந்தக் கையெழுத்துப் பிரதி எடின்பரோவின் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. மேசன் வினாவிடைகளில் இதுவரை கிடைத்தவற்றில் இதுதான் மிகப் பழையது. சடங்கு நூல் என்று நினைத்து எடுத்தேன். பாட்டி விடுகதை போடுகிற தொனியில் இருந்தது.

உன் லாட்ஜ் எங்கே இருக்கிறது? ஊரிலிருந்து ஒருநாள் நடை தூரத்தில், நாய் குரைப்பதும் சேவல் கூவுவதும் கேட்காத இடத்தில். முறையான லாட்ஜுக்கு எத்தனை பேர் வேண்டும்? ஏழு மேஸ்திரிகள், ஐந்து சீடர்கள். அதற்குக் குறைந்தால் ஆகாதா? ஆகும், ஐந்தும் மூன்றும். அதற்கும் குறைந்தால்? ஆள் கூடினால் கொண்டாட்டம், குறைந்தால் பந்தி நிறையும். லாட்ஜின் சாவி எங்கே? வாசலிலிருந்து மூன்றரை அடி தள்ளி, செதுக்கிய கல்லுக்கும் பச்சைப் புல்கட்டிக்கும் அடியில். இல்லையில்லை, என் ஈரல் மடிப்புக்குக் கீழே, நெஞ்சின் ரகசியமெல்லாம் கிடக்கும் இடத்தில். சாவி எது? நன்றாகத் தொங்கவிட்ட நாக்கு. அது எங்கே கிடக்கிறது? எலும்புப் பெட்டிக்குள்.

எலும்புப் பெட்டி என்றால் வாய்!

புதிதாகச் சேர்கிறவனை என்ன செய்வார்கள் என்பதும் அதில் இருக்கிறது. மண்டியிட வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு, இருப்பவர்களிலேயே இளையவனோடு வெளியே அனுப்புவார்கள். அந்த இளையவன் ஆயிரம் கோணங்கித்தனம் செய்து, முகத்தைக் கோணிக்காட்டிப் பயமுறுத்த வேண்டும். ரகசியத்தை வெளியே சொன்னால் நாக்கை அறுத்து, அலை ஏறி இறங்கும் கரையில் எவனுக்கும் தெரியாமல் புதைத்துவிடலாம் என்று இவனே சொல்ல வேண்டும். இதை வைத்துத்தான் பின்னால் எத்தனையோ பேர் திகில் கதை கட்டினார்கள். எனக்குக் கல்லூரி விடுதியில் முதல் வாரம் சீனியர்கள் போட்ட ஆட்டம்தான் நினைவுக்கு வருகிறது. பதினெட்டு வயசுப் பையன்கள் ஒரு கொட்டகைக்குப் பின்னால் என்ன செய்வார்களோ அதைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள்.

ரகசியம் என்று ஒன்று இருந்தால் அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் வருவார்கள். 1638-லேயே பெர்த் நகரத்துக் கவிஞர் ஒருவர், எங்களிடம் மேசன் சொல்லும் இருக்கிறது, வருவதை முன்கூட்டிப் பார்க்கும் கண்ணும் இருக்கிறது என்று எழுதிவிட்டார். அதற்கு நாலு வருஷம் முன்பே, 1634-இல், கல்லைத் தொட்டே பார்த்திராத மூன்று கனவான்களை எடின்பரோ லாட்ஜ் சேர்த்துக்கொண்டிருந்தது. 20 மே 1641 அன்று, ஸ்காட்லாந்துப் படை இங்கிலாந்தின் நியூகாசிலில் முகாமிட்டிருந்தபோது, படையோடு போயிருந்த எடின்பரோ மேசன்கள் அங்கேயே கூடி ராபர்ட் மோரே என்ற அதிகாரியைச் சேர்த்தார்கள். லண்டனில் ராயல் சொசைட்டி உருவானபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் இவர்தான். மேசன்களுக்கு ஆளுக்கொரு கல் முத்திரை உண்டு, தான் செதுக்கிய கல்லில் போட்டுக் கூலி வாங்குவதற்காக. மோரே தனக்கு ஐந்துமுனை நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டார். கல்லே செதுக்காதவருக்கு முத்திரை எதற்கு? கடிதங்களில் கையெழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அபர்டீன் லாட்ஜின் பழைய முத்திரைப் புத்தகத்தில் 49 பேர். அவர்களில் கொத்து வேலை தெரிந்தவர்கள் பத்துப் பேர் அளவில்தான். பிரபுக்கள், பாதிரிமார், வியாபாரிகள் மிச்சம். புத்தகத்தை எழுதிய ஜேம்ஸ் ஆண்டர்சன் கண்ணாடி பதிக்கிற தொழிலாளி. அவருடைய மகன்தான் பாதிரியாகி லண்டனுக்குப் போய், 1723-இல் ஃப்ரீமேசன்களுக்கான சட்டப் புத்தகத்தை எழுதினார். உலகத்து மேசன்கள் இன்றும் மேற்கோள் காட்டும் புத்தகம் அது.

இப்படிக் கனவான்கள் வந்து உட்கார உட்கார, கல் வேலைக்காரர்கள் எங்கே போனார்கள்? எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த பகுதி இதுதான், ஆனால் இது பெரும்பாலான புத்தகங்களில் அடிக்குறிப்பாகத்தான் வருகிறது. எடின்பரோ லாட்ஜில் மேஸ்திரிகளுக்கு ஒரு நீதி, அவர்களிடம் கூலிக்கு வேலை செய்யும் கொத்தனார்களுக்கு ஒரு நீதி. கூலிக்காரர்களும் காசு கட்டினார்கள், ஆனால் பணப்பெட்டியைத் திறப்பதும் கணக்குப் பார்ப்பதும் மேஸ்திரிகள். 1707 வாக்கில் இவர்கள் வெளியேறித் தனிச் சங்கம் கண்டார்கள். அதோடு நிற்காமல் தாங்களே 'சொல்' கொடுக்கவும் தொடங்கினார்கள். மேஸ்திரிகளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேரைப் பிடித்துக் காவல் கொட்டடியில் போட்டார்கள், கணக்குப் புத்தகங்களைப் பறித்தார்கள். கூலிக்காரர்கள் பயந்து திரும்பி வரவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள்.

1715-இல் மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அடைத்துவைத்த இருவருக்கும் 100 பவுண்டு நஷ்டஈடு. கூலிக்காரர்கள் தனியே கூடலாம், மேசன் சொல்லைக் கொடுக்கலாம், அதற்கான கட்டணத்தை வசூலித்துத் தங்கள் பொதுப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். ஒரு ரகசியச் சொல்லைச் சொல்லித்தரும் உரிமை யாருக்கு என்று வழக்கு நடந்து, தொழிலாளி ஜெயித்திருக்கிறான். அந்தக் கூலிக்காரர் லாட்ஜ் எண் 8 என்ற பெயரில் இன்றைக்கும் பிளாக்ஃபிரையர்ஸ் தெருவில் இருக்கிறது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1717-இல் லண்டனில் தலைமை லாட்ஜ், 30 நவம்பர் 1736-இல் எடின்பரோ மேரி சேப்பலில் ஸ்காட்லாந்தின் தலைமை லாட்ஜ். அன்று வந்திருந்தது 33 லாட்ஜ்களின் ஆட்கள். ரோஸ்லின் வம்சத்து வில்லியம் செயின்ட் கிளேர் எழுந்து, தன் முன்னோருக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட பரம்பரை உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்றார். நெகிழ்ந்துபோன சபை அவரையே முதல் தலைவராக்கியது. இத்தனைக்கும் அதே வருஷம் மே மாதம்தான் அவர் மேசனாகவே சேர்ந்திருந்தார். நம்மூர் அரசியலில் பழகியவர்களுக்கு இந்தத் தியாகத்தின் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை. 1781-இல் டார்போல்டன் என்ற கிராமத்து லாட்ஜில் இருபத்திரண்டு வயசு விவசாயி ஒருவர் சேர்ந்தார். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ்.

கப்பலேறி இங்கும் வந்தது. ஆற்காட்டு நவாப்பின் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களில் திருச்சியில் மேசன் ஆனார்; இந்தியர்களில் அவரே முதல்வர் என்கிறார்கள். பம்பாயில் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பர்ன்ஸ் (கவிஞருக்குத் தூரத்து உறவு) 1843-இல் இந்தியர்களைச் சேர்த்துக்கொள்வதற்கென்றே ஒரு லாட்ஜைத் தொடங்கினார். சென்னை எத்திராஜ் சாலையில் தூண் வைத்த வெள்ளைக் கட்டடம் ஒன்றை நீங்களும் தாண்டிப் போயிருப்பீர்கள். அது மேசன்களுடையதுதான்.

மேசன்களைப் பற்றி எனக்குக் கெட்ட அபிப்பிராயம் இல்லை. நான் பார்த்த இரண்டு மூன்று பேரும் ஓய்வுபெற்ற நல்ல மனிதர்கள். பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள், மருத்துவமனைக்கு நிதி திரட்டுவார்கள். தோல் மேலங்கி கட்டிக்கொண்டு, மூலைமட்டம் நேர்மைக்கு, ரசமட்டம் சமத்துவத்துக்கு, தூக்குக்குண்டு நிமிர்ந்த நடத்தைக்கு என்று ஒருவர் எனக்கு விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்பாவின் தூக்குக்குண்டு பித்தளை. நூல் சுற்றிய கட்டையில் அவர் பெயரின் முதல் எழுத்தைச் சூடு போட்டிருப்பார். அது நிமிர்ந்த நடத்தைக்கு இல்லை. சுவர் அரை அங்குலம் வெளியே தள்ளினால் மறுநாள் தன் செலவில் இடித்துக் கட்ட வேண்டுமே என்பதற்கு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தத்துவம் கண்டுபிடித்தவர்கள் சாரத்துக்கு மட்டும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையா என்று விளக்கிய அந்த மேசனிடம் கேட்டேன். சிரித்தார். ஷாவின் அந்த விதியை அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை பிளாக்ஃபிரையர்ஸ் தெருவுக்குப் போனேன். மேரி சேப்பல் இருந்த சந்து அங்கிருந்து கூப்பிடு தூரம். சேப்பலை 1780-களில் பாலம் கட்ட இடித்துவிட்டார்கள், பார்க்க ஒன்றும் இல்லை. எண் 8-இன் கதவு சாத்தியிருந்தது. எதிர்ச்சாரியில் ஒரு பழைய கட்டடத்துக்குக் கல் பழுது பார்க்க இரும்புக் குழாய்ச் சாரம் கட்டியிருந்தார்கள். ஏணி தொடங்கும் இடத்தில், கண் மட்டத்தில், பச்சை நிற பிளாஸ்டிக் அட்டை ஒன்று தொங்கியது. ஏழு நாளைக்கு ஒருமுறை சாரத்தைச் சோதிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அட்டையில் கட்டம் கட்டமாகத் தேதிகள், ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பேனாவால் ஒரு கையெழுத்து. மழையில் இரண்டு மட்டும் கரைந்திருந்தன.

படம் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அது என்ன என்று எழுதியும் அனுப்பினேன், ஷாவின் விதியையும் சேர்த்து. ராத்திரி அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"படம் மங்கலா இருக்குப்பா. கையெழுத்து மட்டும் பெருசா தெரியற மாதிரி இன்னொண்ணு அனுப்பு. ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள்தான் போட்டிருக்கானான்னு பாக்கணும்."